செம்பரம்பாக்கம் ஏரியில் இரும்பு கொட்டிய கதை

இந்த வலைப்பதிவில் கோயில், அருவி, பஸ் ரூட் தவிர வேறு எதையும் நான் எழுதியதில்லை. போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "சரக்கு விமானத்தில் சரக்கோடு ஆளும் போகலாமாமே, நீங்கள் போனதுண்டா? அனுபவம் எப்படி?" போயிருக்கிறேன் ஐயா, ஒரே ஒரு முறை. பம்பாய்க்குக் கிளம்பி, திருவள்ளூர் வரை போய், மீனம்பாக்கத்துக்கே திரும்பி வந்தேன். மொத்தம் நாற்பத்தொரு நிமிடம். அந்த நாற்பத்தொரு நிமிடத்தில் என்னதான் நடந்தது என்று விளங்கிக்கொள்ள எனக்கு மூன்று நாள் பிடித்தது. சில விஷயம் இன்றுவரை விளங்கவில்லை.

1992 ஜூன் மாதம். கத்திரி முடிந்தும் வெயில் மட்டும் போக மறுத்த வருடம். நான் அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் சூப்பர்வைசர். வீடு ஆவடியில், அப்பாவுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸ். பட்டறையில் முதலாளியையும் சேர்த்துப் பதினாறு பேர். பம்பாயில் டிராக்டர் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஃபிளாஞ்ச் செய்து அனுப்புவோம். ஃபிளாஞ்ச் என்றால் பயப்பட வேண்டாம், தோசைக்கல்லை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி ஓட்டை போட்ட மாதிரி ஒரு இரும்பு வட்டம். ஒன்று ஒன்றரை கிலோ.

அந்த வாரம் லாரி ஸ்டிரைக். வெளியூர் லாரி ஒன்றுகூட நகரவில்லை. திங்கட்கிழமைக்குள் சரக்கு வராவிட்டால் ஆர்டரை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று பம்பாயிலிருந்து தந்தி. அந்த ஆர்டர் போனால் பட்டறையில் பாதி லேத் மிஷினுக்கு வேலை இல்லை. முதலாளி யார் யாரையோ பிடித்து, பம்பாயிலிருந்து மருந்து கொண்டுவந்து இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் ஒரு சரக்கு விமானத்தில் இடம் வாங்கிவிட்டார். எந்த ஆபரேட்டர், எந்த ரக விமானம் என்று எழுதப் போவதில்லை. இரண்டு எஞ்சின், இரண்டு புரொப்பெல்லர், என் அப்பாவின் வயசு. அவ்வளவு போதும்.

"நீயும் கூடப் போய் கையெழுத்து வாங்கிட்டு வந்துடு பாஸ்கர்" என்றார் முதலாளி. விமானத்தில் போகிறேன் என்று ஆவடி முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

வியாழக்கிழமை காலை ஏழே காலுக்கு எஸ்டேட்டிலிருந்து டெம்போ. மீனம்பாக்கம் வரை 24 கிலோமீட்டர், வாடகை 300 ரூபாய். ஒன்பது மணிக்குள் சரக்கு ஷெட்டில் இருந்தோம். 24 பெட்டி, பெட்டிக்கு 50 பீஸ். பெட்டிக் கட்டையோடு சேர்த்து ஒவ்வொன்றும் 83 கிலோ என்று நானே ஸ்டென்சில் வைத்துக் கறுப்பு மையில் எழுதியிருந்தேன். மொத்தம் 1,992 கிலோ. ஷெட்டின் எடை மிஷின் அன்றைக்குப் பார்த்துப் பழுது. "பெட்டில போட்டிருக்கிற வெயிட்டு கரெக்டுதானே?" என்று கிளார்க் கேட்டார். "கரெக்ட் சார்" என்றேன்.

கரெக்ட் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஏரியாவில் சின்னப் பட்டறைகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெரிய கம்பெனிக்குச் சரக்கு அனுப்பும்போது கணக்குக்கு மேல் சில பீஸ் உள்ளே போட்டுவிடுவோம், எதிலும் எழுத மாட்டோம். அங்கே இன்ஸ்பெக்‌ஷனில் நாலு பீஸ் கழிந்தாலும் கணக்கு குறையாது, முகம் சுளிக்க மாட்டார்கள். பக்கத்துத் தெருவில் யாரோ ஒருவருக்குப் பதினோரு பீஸ் சரியில்லை என்று மொத்த லோடும் திரும்பி வந்ததாம். அந்த யாரோ யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது, ஆனால் பயம் மட்டும் எல்லாருக்கும் இருந்தது. நானும் பெட்டிக்கு இரண்டு பீஸ் போட்டிருந்தேன். மொத்தம் 48 பீஸ், 72 கிலோ. ஒரு ஆள் கனம். விமானத்துக்கு ஒரு ஆள் கனம் என்ன பெரிய கனம் என்று நினைத்தேன்.

பெட்டிகளை ஏற்றியது எல்லப்பன், வியாசர்பாடிக்காரர். விமானத்தோடு கூடவே பறந்து ஏற்றி இறக்கும் வேலை. ஐம்பது வயசு இருக்கும். நாலாவது பெட்டியிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா நைனா, எம்பத்து மூணுனு எழுதிகீற. நூறு கீதுபா இது."

"எண்பத்து மூணுதான் அண்ணே. வெயில்ல அப்படித் தெரியுது."

"வெயிலு எங்கேர்ந்துபா கனம் ஏத்தும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஏற்றினார். நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

11:40க்குக் கிளம்பினோம். முன்னால் கேப்டனும் ஒரு இளம் கோ-பைலட்டும். பின்னால் பெட்டிகள், எல்லப்பன், நான். எனக்கு சீட்டு என்பது சுவரோடு மடக்கி வைத்த ஒரு கான்வாஸ் துணி. சத்தம் சொல்லி மாளாது, இருபது லேத் ஒன்றாக ஓடுகிற மாதிரி. கேப்டன் பரங்கிமலை ஆங்கிலோ இந்தியர், மீசை நரைத்தவர். ஏறும்போது என்னைப் பார்த்து, "ஃபர்ஸ்ட் டைமா மேன்? கீழ பாரு, உன் ஊரு தெரியும்" என்றார்.

தெரிந்தது. குன்றத்தூர் கோயில் மலை, வலப்பக்கம் பூந்தமல்லி டிரங்க் ரோடு, தூரத்தில் ஆவடி ஏரி. எங்கள் குவார்ட்டர்ஸ் எது என்று தேடினேன், எல்லாம் தீப்பெட்டி. விமானம் மேலே ஏறுவதாகவே தெரியவில்லை, மூச்சு வாங்கியது. பழசு அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

11:53, திருவள்ளூர் பக்கம். வலது எஞ்சின் சத்தத்தில் ஒரு கரகரப்பு. மிஷின் நடுவே பிறந்து வளர்ந்தவன், பேரிங் போகிற சத்தம் எனக்குத் தெரியும். சன்னல் வழியாகப் பார்த்தால் இறக்கை மேல் கறுப்பாக ஆயில் வழிகிறது. ஒரு உலுக்கல். அப்புறம் அந்தப் புரொப்பெல்லர் மெல்லச் சுற்றி, நின்றே போனது. பட்டறையில் ஒரு மிஷின் நின்றால் டீ குடிக்க நேரம் கிடைத்தது என்று அர்த்தம். ஆகாசத்தில் நின்றால் என்ன அர்த்தம்?

எல்லப்பன் பீடிக்கட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடியில் செருகினார். "பயப்படாதே. ஒண்ணு நின்னா இன்னொண்ணு இஸ்துகினு பூடும். அதுக்குத்தான ரெண்டு வெச்சிகீறான்."

விமானம் இடப்பக்கம் வளைந்து மீனம்பாக்கத்துக்கே திரும்பியது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். ஆனால் வயல்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தன. முதலில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். அப்புறம் ஒரு மாட்டு வண்டியில் மாடு தனியாக, வண்டி தனியாகத் தெரிந்தது.

11:59க்கு கோ-பைலட் வந்து என்னைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்துப் போனான். கேப்டன் திரும்பாமலே கத்தினார்.

"உன் லோடு எவ்ளோ மேன்?"

"1,992 கிலோ சார்!"

"அதான் எனக்குப் புரியல. இந்த வெயிட்டுக்கு ஒத்த எஞ்சின்ல இது நிக்கணும். நிக்கல, இறங்குது. அப்ப லெஃப்ட் எஞ்சினும் போய்கினு இருக்கு. அது முழுசா போறதுக்குள்ள நான் எங்கியாவது இறக்கணும்." கையை நீட்டினார். திருமழிசைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், டிரங்க் ரோட்டை ஒட்டி, பழுப்பாக, நீளமாக, ஒன்றுமே இல்லாத ஒரு நிலம். "அங்க. மூணு நிமிஷம். போய் பெல்ட் போடு."

நான் போகவில்லை. இடது எஞ்சின் சத்தத்தைக் கேட்டேன். அது சுத்தமாக ஓடியது. அதில் ஒரு குறையும் இல்லை என்று என் காது சொன்னது. அப்படியானால் ஏன் இறங்குகிறோம்? 72 கிலோவுக்கா? ஒரு ஆள் கனத்துக்கு ஒரு விமானம் இறங்குமா? சொன்னால் ரிப்போர்ட்டில் எழுதிவிடுவார்கள், பம்பாய்க்குத் தெரிந்துவிடும், கணக்கில் பொய் சொல்லும் பட்டறை என்று பெயர் வரும், பதினாறு பேர் பிழைப்பு. சொல்லாவிட்டால் நாலு பேர் உயிர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நான் யோசித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் யோசித்தேன்.

"சார், பெட்டிக்கு ரெண்டு பீஸ் அதிகம் இருக்கு. கணக்குல இல்ல. மொத்தம் எழுபத்திரண்டு கிலோ."

கேப்டன் இப்போதுதான் திரும்பினார். "எழுபத்திரண்டா? பத்தாதே மேன். அதுக்கு இவ்ளோ இறங்காது."

உண்மையைச் சொல்லியும் கணக்கு உதைக்கிறதே! அப்போது பின்னாலிருந்து எல்லப்பன் குரல்.

"சார், பொட்டி ஒவ்வொண்ணும் நூறு கிட்ட கீது சார். காலைலயே இந்தாளாண்ட சொன்னேன். வெயிலுன்றான்."

"எண்பத்து மூணு. நானே எழுதினேன்!" என்று வாயெடுத்தேன். கேப்டன் என்னைப் பார்த்தார், எல்லப்பனைப் பார்த்தார். "யாரை நம்பறது? சீக்கிரம் சொல்லு."

எல்லப்பனின் சட்டை முதுகோடு ஒட்டி, வியர்வை உப்பு பூத்துக் கிடந்தது. இருபத்து நாலு பெட்டியையும் தூக்கியது அவர். நான் ஒன்றைக்கூடத் தூக்கவில்லை, எழுத மட்டும்தான் செய்தேன்.

"அவர் சொல்றதை நம்புங்க சார். நான் எழுதினதை நம்பாதீங்க."

கேப்டன் அந்தப் பழுப்பு நிலத்தை விட்டுவிட்டு விமானத்தை வலப்பக்கம் திருப்பினார். "வெயிட்டுதான் தப்புன்னா எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. வெயிட்டைக் குறைச்சா போதும். ஏரி மேல சுத்தறேன். தண்ணி மேல மட்டும் தள்ளுங்க. கரையில மாடு மேயும், ஆள் இருப்பாங்க. நான் கையைத் தூக்கினா நிறுத்திடணும்."

12:03. செம்பரம்பாக்கம் ஏரி. ஜூன் மாசம், நடுவில் மட்டும் தண்ணீர். எல்லப்பன் எனக்கும் கோ-பைலட்டுக்கும் தனக்கும் இடுப்பில் கயிறு கட்டி, சின்னக் கதவை உள்ளுக்குத் திறந்தார். காற்று முகத்தில் அறைந்தது. முதல் பெட்டியை மூன்று பேர் தள்ளியும் அந்தக் கதவில் நுழையவில்லை. கடப்பாரையால் மூடியைப் பெயர்த்து, கை கையாக அள்ளி வீசினோம். யார் வீசினாலும் ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டே வீசினேன். வேண்டுமென்று எண்ணவில்லை, ஃபிளாஞ்ச் கண்ணில் பட்டால் வாய் தானாக எண்ணும், பழக்கம். ஐம்பது. ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு. அதோடு முடிய வேண்டும். வைக்கோலுக்கு அடியில் இன்னும் இருந்தது. ஐம்பத்து மூன்று. ஐம்பத்தேழு. ஐம்பத்தொன்பது!

கை அப்படியே நின்றுவிட்டது. நான் போடாத ஏழு பீஸ் எங்கிருந்து வந்தது? பெட்டி மாறிவிட்டதா? எனக்கு எண்ணத் தெரியவில்லையா?

"தூக்கிப் போடு நைனா, அப்பால எண்ணிக்கலாம்!" என்று எல்லப்பன் கத்தினார்.

இரண்டாவது பெட்டியிலும் ஐம்பத்தொன்பது. மூன்றாவதை எண்ணக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினேன். அதிலும் அதே. ஐந்து பெட்டி முடிந்தபோது கேப்டன் கையைத் தூக்கினார். விமானம் இறங்குவது நின்றிருந்தது. மணி 12:10. கீழே ஏரி இன்னமும் பயமுறுத்துகிற அளவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது, ஆனால் அதற்கு மேல் பக்கத்தில் வரவில்லை. எல்லப்பன் கதவைச் சாத்திவிட்டு என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். நான் அழுதேன் என்று பிறகு சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை, காற்றில் கண் எரிந்தது மட்டும் ஞாபகம்.

12:21க்கு மீனம்பாக்கத்தில் இறங்கினோம். தீயணைப்பு வண்டிகள் கூடவே ஓடி வந்தன. மீதி 19 பெட்டியையும் பக்கத்து ஷெட் தராசில் ஏற்றினார்கள். 1,577 இருக்க வேண்டியது, 1,833 கிலோ 500 கிராம். பெட்டிக்குத் தொண்ணூற்றாறரை. கேப்டன் அந்த எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். திட்டுவார் என்று நின்றேன். "நீ வாயத் தொறக்கலைன்னா நான் அந்த நிலத்துலதான் இறக்கியிருப்பேன் மேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

போரூர், ஐயப்பன்தாங்கல் வழியாகப் பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஆவடிக்கு ஒரு பஸ். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். தரை அசைகிற மாதிரியே இருந்தது. ஏழு பீஸ், ஏழு பீஸ் என்றே மனசு ஓடியது.

மறுநாள் பட்டறையில் முதலாளி எல்லோரையும் நிற்க வைத்தார். "யாருப்பா எக்ஸ்ட்ரா போட்டது?" நான்தான் முதலில் கையைத் தூக்கினேன், இரண்டு என்று. அப்புறம் லேத் ஓட்டும் டர்னர் கோதண்டம், "நானும் ரெண்டு போட்டேன், என் பீஸ்ல ஏதாவது கழிஞ்சா பேர் கெட்டுடுமேன்னு" என்றார். பேக்கிங் செய்யும் கன்னியம்மா அயனம்பாக்கத்துக்காரர், பட்டறைக்கு வருவதற்கு முன்னால் நடவு, அறுப்பு என்று போய்க்கொண்டிருந்தவர். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "வைக்கோல இம்மாந்தூண்டு எட்துட்டு ரெண்டு ரெண்டு சொருவினேன் சார். உங்குளுக்கு நல்லதுதான்னு நெனச்சிகினேன்." ஆறு ஆயிற்று. மூன்று பேரும் இன்னும் மூன்று பீஸ் எங்கே என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். "ஆணி அடிக்கிறதுக்கு முன்னாடி நானும் மூணு மூணு போட்டேன்டா" என்றார்.

இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று. பெட்டிக்கு ஒன்பது, மொத்தம் 216 பீஸ், 324 கிலோ. ஒவ்வொருத்தரும் தான் மட்டும்தான் போட்டோம் என்று நினைத்திருக்கிறோம். கன்னியம்மாதான் முதலில் சிரித்தார், அப்புறம் எல்லோரும் சிரித்தோம், அப்புறம் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு திருமழிசைக்குப் போனேன். ஆவடியிலிருந்து 14 கிலோமீட்டர். கேப்டன் கை காட்டிய நிலத்தைக் கண்டுபிடித்தேன். மேலேயிருந்து ஒன்றுமே இல்லாமல் தெரிந்த நிலத்தில் பதினைந்து பெண்கள் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். வேப்ப மரத்தில் தூளி ஆடியது. ஒரு பெரியவர் தலையில் துண்டோடு வந்தார்.

"இன்னாபா தேட்ற?"

"சும்மாதான். இந்த நிலத்துல ஒரு பிளேன் இறங்க முடியுமாங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பிளேனா? தோ பாரு." நிலத்தின் நடுவில் சுவரே இல்லாத மூன்று கிணறுகள். "டிராக்டரே ரெண்டு தபா வுழுந்துகீது நைனா. பிளேனாம்."

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெரியவர் பிடுங்கிய செடி ஒன்றைக் கையில் கொடுத்துத் தின்னச் சொன்னார். அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஆவடிக்குத் திரும்பினேன்.

இனி வாசகருக்குப் பதில். சரக்கோடு போகலாமா என்றால் போகலாம், விதிமுறை இப்போது எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். காதுக்குப் பஞ்சு, முழுக்கை சட்டை, காலையில் அரை வயிறு. எடை மிஷின் பழுது என்றால் அது சரியாகும் வரை ஏறாதீர்கள். பெட்டி தூக்குகிறவர் கனமாக இருக்கிறது என்று சொன்னால் டீக்கடைக்குப் போகாதீர்கள், நின்று கேளுங்கள். ஏரியைப் பார்க்க விரும்புகிறவர்கள் பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் போய்க் கரை மேல் நடக்கலாம். காலை ஏழுக்கு முன் போங்கள், நிழல் கிடையாது. அடுத்த கோடையில் ஏரி வற்றியபோது எங்கள் ஃபிளாஞ்ச் சில பூந்தமல்லி காயலான் கடையில் கிடந்ததாகக் கோதண்டம் சொன்னார். அந்தத் தண்ணீரைக் குடித்த சென்னைவாசிகள் மன்னிக்கவும்.

சரக்கு என்ன ஆயிற்று? முதலாளி பம்பாய்க்கு டிரங்க் கால் போட்டு நடந்ததை நடந்தபடி சொன்னார், பத்து நாள் தவணை கொடுத்தார்கள். ஸ்டிரைக்கும் முடிந்தது. மீதிப் பெட்டிகளைப் பிரித்து, குறைந்த எழுபத்தொன்பது பீஸைப் புதிதாகச் செய்து, பெட்டிக்குச் சரியாக ஐம்பது வைத்து, தராசில் ஏற்றி, லாரியில் அனுப்பினோம். ஆணி அடிக்கும்போது கன்னியம்மா கண்ணை மூடிக்கொண்டார். மூன்று வாரம் யாருக்கும் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் பம்பாயிலிருந்து ஒரு கார்டு வந்தது. 1,200 பீஸில் மூன்று பீஸ் சரியில்லை, அடுத்த லோடில் மூன்று சேர்த்து அனுப்பவும் என்று எழுதியிருந்தது.

அவ்வளவுதான். இரண்டே வரி. அந்த மூன்று பீஸுக்குப் பயந்துதான் நாங்கள் இருநூற்றுப் பதினாறை ஏற்றிக்கொண்டு ஆகாசத்துக்குப் போயிருந்தோம்.